இரண்டு மணிக் கட்டம்

எனக்கு இரண்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்த பிறகுதான், எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நர்ஸ் வேலையைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருப்பது தெரிந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் நர்சிங் சேர்ந்தபோது அத்தனை வாய்க்கும் சேர்த்து ஒரே கருத்துதான் இருந்தது. அதை என் பெரியப்பா தம்பிதுரை சொன்னார்.

"நம்ம ஊட்டுப் புள்ள எவனோ ஒருத்தனோட மூத்திரச் சட்டியத் தூக்கறதா? கேட்டா சனம் வழிச்சுக்கிட்டுச் சிரிக்கும்."

அப்பா இறந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அம்மா ராசாத்தாள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள், மறுநாள் போய் என்னைக் கல்லூரியில் சேர்த்துவிட்டாள். கொடுமுடிப் பக்கம் கரும்புக்காடு வைத்திருக்கும் பெரியப்பா அதற்குப் பிறகு கணபதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நாலு வருஷம் வரவில்லை. மானம் போய்விட்டதாம்.

அதே பெரியப்பா இப்போது வாரத்துக்கு மூன்று தடவை போன் செய்தார்.

"அம்மணி, நீ அந்தப் பைபாஸ் ரோட்டு ஆஸ்பத்திரிக்கே போயிரு. ஒம்பது மாடியாமா. லிப்டுக்குள்ளயே பாட்டுப் பாடுதாமா. நாளைக்கு மாப்பிள்ளை ஊட்டுல கேட்டா சொல்றதுக்கு ஒரு கெத்து வேணுமல்லோ?"

லிஃப்ட் பாடுகிறது என்பதற்காக ஒருத்தி வேலைக்குப் போக வேண்டும் என்ற யோசனை எங்கள் பெரியப்பாவின் மண்டையில்தான் முளைக்கும். அம்மாவின் யோசனை மட்டும் ஒசத்தி என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் டாக்டரம்மா ஆஸ்பத்திரிதான் பிடித்திருந்தது. "நடந்தே போயிட்டு வந்துரலாம் கண்ணு. மத்தியானம் சோறு சூடாக் கொண்டாந்து தாரேன்" என்றாள். ஒருத்தருக்கு லிஃப்ட், இன்னொருத்திக்குச் சோறு. எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பார்க்காததை எழுதச் சொல்லாத ஆஸ்பத்திரி.

மேட்டுப்பாளையத்தில் நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரி அப்படி இல்லை. நோயாளியின் கட்டில் காலடியில் ஒரு சார்ட் தொங்கும். நாலு மணி நேரத்துக்கு ஒரு கட்டம். ரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல் மூன்றையும் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காலை நேரச் சுற்றிலேயே மத்தியானம் இரண்டு மணிக் கட்டத்தையும் எழுதி முடித்துவிடுவது அங்கே வழக்கம். எழுதாதவளுக்கு வேலை தெரியாது என்று பெயர். நானும் எழுதினேன். ஒரு நாள் பாக்கு மண்டிக்காரர் ஒருவருடைய மனைவி நாச்சியம்மாளுக்கு இரண்டு மணிக் கட்டத்தில் 120/80 என்று எழுதிவிட்டு மற்ற வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு மணிக்கு அந்த அம்மாவின் அழுத்தம் இருநூறைத் தாண்டிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை, சார்ட்தான் நன்றாக இருக்கிறதே. மூன்றரைக்கு வாய் கோணிவிட்டது. உயிர் பிழைத்தார், பேச்சு போய்விட்டது. நான் அந்த மாதமே வேலையை விட்டேன். அதற்கப்புறம் 120/80 என்று எங்கே பார்த்தாலும் நான் நம்புவதில்லை.

ஆளுக்கு நோயாளி அதிகமானால்தான் கை பொய் எழுதும். ஆகவே இரண்டு இன்டர்வியூவிலும் ஒரே கேள்வி கேட்டேன். ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளி?

பைபாஸ் ஆஸ்பத்திரியில் என்னைக் கேள்வி கேட்டவர் மனோஜ்குமார் என்ற எச்.ஆர். மானேஜர். கழுத்துப்பட்டை அவரை நெரித்துக்கொண்டிருந்தது. முதலில் என்னைச் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். "இன்னும் கொஞ்சம் வார்ம்த் வேணுங்க" என்றார். இட்லி சுடும் பக்குவம் சொல்கிறாரோ என்று நினைத்தேன். நோயாளியை நோயாளி என்று சொல்லக் கூடாதாம், விருந்தினர் என்று சொல்ல வேண்டுமாம். குடலிறக்கத்தோடு வந்து படுப்பவனை விருந்துக்கு வந்தவன் என்றால் அவன் வீட்டார் சண்டைக்கு வர மாட்டார்களா?

அவருக்குப் பக்கத்தில் நர்சிங் சூப்பரின்டெண்டெண்ட் செவ்வந்தி மேடம் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கஞ்சி போட்ட சேலை, அடுக்கி வைத்த ஃபைல்கள்.

என் கேள்விக்கு மனோஜ்குமார்தான் பதில் சொன்னார். "நம்மளுது எல்லாமே இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டுங்க."

"அது எத்தனைங்க?"

"ஸ்டாண்டர்டு எவ்வளவோ அவ்வளவுங்க."

செவ்வந்தி மேடம் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். வேலையில் சேரும் அன்று ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளை ஒப்படைத்துவிட வேண்டும், இரண்டு வருஷத்துக்கு அவை ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்கும் என்றார்கள். எங்கள் வீட்டு பீரோவில் இருந்தால் கரையான் தின்றுவிடும் என்ற கவலை போலிருக்கிறது.

டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் சிரிக்கச் சொல்லவில்லை. டாக்டரம்மாவே காபி போட்டுக் கொடுத்தார். "இது ஆஸ்பத்திரி இல்ல அம்மணி, நம்ம குடும்பம்" என்றார். குடும்பம் என்று எவளாவது ஆரம்பித்தால் வாரவிடுமுறை கிடையாது என்று அர்த்தம், அது எனக்கு அத்துப்படி. எத்தனை நோயாளி என்று கேட்டேன். "எல்லாத்தையும் எல்லாரும் ஒட்டுக்காப் பாத்துக்குவோம்" என்றார்.

அந்த எல்லாரும் யார் என்று வார்டில் போய்ப் பார்த்தேன். நர்ஸ் உடுப்பில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஒரு கிழவரின் கையில் நரம்பு தேடி நாலாவது இடத்தில் குத்திக்கொண்டிருந்தாள். கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். "எங்கே படிச்சே?" என்று கேட்டேன். "பிளஸ் டூ முடிச்சிருக்கேனுங்க்கா" என்றாள். திரும்பி வந்தபோது டாக்டரம்மா குழைந்துகொண்டு சொன்னார். "உன்ற சர்ட்டிபிகேட்டை பிரேம் போட்டு முன்னால மாட்டிப்போடலாம். இன்ஸ்பெக்சன்காரங்க வந்தா அந்தப் புள்ளைங்களுக்கும் அது ஆகும்." ஆக, ஒருவருக்கு என் சர்ட்டிபிகேட்டைப் பீரோவில் பூட்ட வேண்டும், இன்னொருவருக்குச் சுவரில் ஆணியடித்து மாட்ட வேண்டும்.

இரண்டு இடத்துக்கும் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குக் குழப்பம் என்பது தெரிந்ததும் அம்மா, "சாமிகிட்டப் பூக் கேட்டுப்போடலாம் கண்ணு" என்றாள். பெரியப்பாவுக்குப் பித்தப்பையில் கல். அதே பைபாஸ் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார், அந்த லிஃப்டில் ஏறாமல் அவருக்குத் தூக்கம் வராது. அதற்கு முன்னால் குலதெய்வத்தைக் கும்பிட வேண்டும் என்றார். சரி, இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம் என்று புதன்கிழமை மூன்று பேரும் கொடுமுடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோயிலுக்குப் போனோம்.

பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் பெரிய காரியம். வெள்ளை அரளி ஒரு பொட்டணம், செவ்வரளி ஒரு பொட்டணம். பூசாரி இரண்டையும் சாமி காலடியில் போடுவார். கேட்பவர்கள் எந்தப் பூவுக்கு எது என்று மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும், வாயைத் திறந்து சொல்லக் கூடாது. சாமி கும்பிட வந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். பிரித்தால் வெள்ளை. அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு பிரகாசம்.

காரில் வரும்போது கேட்டேன். "வெள்ளை எந்த ஆஸ்பத்திரி?"

"கணபதி" என்றாள் அம்மா.

"பைபாஸு" என்றார் பெரியப்பா, அதே நொடியில்.

பெருந்துறை வரும் வரைக்கும் சண்டை. தட்டில் காசு போட்டது நான்தான், அதனால் பூ என்னுடையது என்றார் பெரியப்பா. புள்ளையப் பெத்தவ நானுங்க என்றாள் அம்மா. திரும்பிப் போய் இன்னொரு தடவை கேட்கலாமே என்றேன். ஒரே காரியத்துக்கு இரண்டு தடவை பூக் கேட்டால் சாமி கோபித்துக்கொள்ளுமாம், அதில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமை. சாமிக்கு இருக்கும் சாமர்த்தியம் எனக்கு இருந்திருந்தால் நானும் ஒரே பூவில் இரண்டு பேரையும் சந்தோஷமாக அனுப்பி வைத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பெரியப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. சனிக்கிழமை துணைக்கு இருக்க நான் போனேன். மூத்திரச் சட்டி தூக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டுமே. பதினொன்றரை மணி வரைக்கும் பெரியப்பா கட்டிலில் சாய்ந்துகொண்டு, அறையில் இருந்த டிவி எத்தனை இன்ச் என்று போனில் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் பேச்சுக் குறைந்தது. தாகமாக இருக்கிறது என்றார். தண்ணீரால் உதட்டை நனைத்துவிட்டேன். பன்னிரண்டரைக்கு மறுபடி தாகம் என்றார். நெற்றியைத் தொட்டால் ஜில்லென்று வேர்த்திருந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி ஓடிக்கொண்டிருந்தது, நூற்றிருபதுக்குக் குறையாது.

சார்ட்டை எடுத்தேன். அன்றைய இரண்டு மணிக் கட்டத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: 120/80, நாடி 78. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது.

பொய் எழுதுகிற கைக்கு வேறு எண்ணே தெரியாது போலிருக்கிறது. மணியை அழுத்தினேன், யாரும் வரவில்லை. ஓடிப்போய் நர்ஸ் மேஜையிலிருந்து பிபி மெஷினை நானே தள்ளிக்கொண்டு வந்தேன். எண்பத்தைந்து, ஐம்பது. வயிற்றைத் தொட்டால் கல்லாக இருந்தது. உள்ளே ரத்தம் கசிகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நான் போட்ட சத்தம் ஒன்பது மாடிக்கும் கேட்டிருக்கும். ஒரு நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். எண்ணைப் பார்த்த நொடியில் டாக்டருக்குப் போன் செய்தாள், பெரியப்பாவின் கையில் ஊசி குத்தி சலைனைத் திறந்துவிட்டாள், கட்டிலின் கால் பக்கத்தை உயர்த்தினாள். எல்லாம் இரண்டு நிமிஷத்துக்குள். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். ஹுமேரா. என்னோடு நாலு வருஷம் படித்தவள். எங்கள் வகுப்பில் முதல் மதிப்பெண்.

பெரியப்பாவை மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். கசிந்த இடத்தைக் கட்டிவிட்டதாக மூன்று மணிக்கு டாக்டர் வந்து சொன்னார். அரை மணி நேரம் தாமதித்திருந்தால் சிரமம் என்றார். நான் நேராகப் போய் ஹுமேராவை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

"ரெண்டு மணிக்கு எழுத வேண்டியதைப் பன்னெண்டரைக்கே எழுதி வெச்சிருக்கே. வெக்கமா இல்ல உனக்கு?"

"பதினொண்ணே காலுக்கு எழுதினேன்" என்று திருத்தினாள்.

"நீயா இப்படி? காலேஜ்ல எங்களுக்கெல்லாம் பாடம் எடுப்பியேடி!"

"பதினாலு பேரு லோகு. எனக்கு ஒருத்திக்குப் பதினாலு பேரு. காலைல ரெண்டு பேரைத் தியேட்டருக்கு அனுப்பினேன், மூணு பேரு டிஸ்சார்ஜ். சார்ட் காலியா இருந்தா செவ்வந்தி மேடம் முன்னால போய் நிக்கோணும். பேஷண்டே காலியானாக்கூட அவ்வளவு நேரம் நிக்க வேண்டியதில்ல."

"அதுக்காக எழுதுவியா? நான் இதுக்காகத்தான் மேட்டுப்பாளையம் வேலையை விட்டுட்டு வந்தேன், தெரியுமா?" இதை நான் பெருமையாகத்தான் சொன்னேன்.

ஹுமேரா என்னை நன்றாகப் பார்த்தாள்.

"தெரியும். நீ விட்டுட்டு வந்தியே அந்த வார்டு, அங்கே இப்ப ரெண்டு மணிக் கட்டத்தை யாரு எழுதறா?"

இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வி ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. என் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன், அவ்வளவுதான். ஊரையெல்லாம் ஏளனம் செய்துகொண்டிருந்த நான் அந்தப் படியில் நின்று என்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இங்க ஆள் எடுக்கறாங்க, நீ இன்டர்வியூவுக்கு வந்தது எனக்குத் தெரியும்" என்றாள் ஹுமேரா. "நீ வந்தீன்னா ஏழு பேரு உனக்கு, ஏழு பேரு எனக்கு. ஏழு பேருன்னா நான் உண்மையவே எழுதுவேன் லோகு."

திங்கட்கிழமை பைபாஸ் ஆஸ்பத்திரிக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பெரியப்பா கட்டிலில் படுத்தபடியே வருகிறவர்களிடமெல்லாம், "வெள்ளைப்பூ பலிச்சுப்போச்சு பாத்தீங்களா! பெரிய ஆஸ்பத்திரிங்கறதால பொழச்சேன். வேற எடமா இருந்தா போயே போயிருப்பேனுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது யார் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சொல்லியிருந்தாலும் அது பூவின் கணக்கில்தான் சேர்ந்திருக்கும்.

அடுத்த வாரம் வேலையில் சேர்ந்தேன். மனோஜ்குமார் என் ஒரிஜினல்களை எண்ணி வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். இன்றைக்குச் சிரிப்பு பரவாயில்லை என்றார். அவர் அறையை விட்டு வெளியே வந்தால் ஹுமேரா நின்றுகொண்டிருந்தாள். உடுப்பில் இல்லை, பர்தாவில் இருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"என்னோட ஒரிஜினல்ஸ்" என்றாள். "வேலைய விடறேன்னு எழுதிக் கொடுத்து மூணு மாசம் ஆச்சு. என் எடத்துக்கு ஆள் வந்தாத்தான் தருவோம்னு வெச்சிருந்தாங்க."

"ஏழு பேருன்னு சொன்னியே?"

"சொன்னேன்." அவள் கண் நிறைந்துவிட்டது. "மன்னிச்சுக்கோ. வேற வழி தெரியல."

படியிறங்கிப் போய்விட்டாள். நல்ல வசவாக நாலு என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவளைத் திட்ட எனக்கு என்ன தகுதி? மேட்டுப்பாளையத்தில் எனக்குப் பின்னால் வந்தவளை நான் யாரென்றுகூடப் பார்க்கவில்லை. இவளாவது நின்று மன்னிப்புக் கேட்டாள்.

பதினாலு பேரும் எனக்கு. ஒருவருக்கு வாந்தி, ஒருவருக்கு சலைன் நின்றுவிட்டது, ஒருவரின் மருமகள் ஏசி குளிர்கிறது என்று மூன்று தடவை வந்தாள். பக்கத்து வார்டு நர்ஸ் பன்னிரண்டு மணிக்கு எட்டிப் பார்த்து, "ரெண்டு மணிதையும் இப்பவே போட்டுருங்க்கா, அப்பறம் சாப்பிட நேரம் இருக்காது" என்று நல்ல மனசோடு சொல்லிவிட்டுப் போனாள். பேனாவை எடுத்தேன். முதல் சார்ட்டின் கட்டத்தைப் பார்த்தேன். மூன்று எண்ணும் விரல் நுனியில் தயாராக இருந்தன. கைக்கு எதுவும் மறப்பதில்லை. பேனாவைச் சட்டைப்பையில் திரும்பச் செருகினேன்.

ஒன்றரை மணிக்கு மெஷினைத் தள்ள ஆரம்பித்தேன். சாப்பிடவில்லை. இரண்டே கால் ஆனபோது ஒன்பது பேரைப் பார்த்திருந்தேன். பாக்கி ஐந்து சார்ட்டிலும் இரண்டு மணிக் கட்டத்தில் தமிழில் 'பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலைக்குச் சேர்ந்த ஐந்து மணி நேரத்தில் வேலை போனவள் என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைக்கும், சிரிக்கட்டும். என் சர்ட்டிபிகேட்டுகள் அந்தப் பீரோவிலேயே கிடந்து மட்கட்டும். பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

இரண்டு இருபதுக்கு செவ்வந்தி மேடம் சுற்றுக்கு வந்தார். பத்தாவது கட்டிலில் நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"பார்க்கலைங்க மேடம். அதனால பார்க்கலைன்னு எழுதியிருக்கேன்."

"இந்த ஆஸ்பத்திரில இப்படி ஒருத்தரும் எழுதினதில்ல."

"தெரியுமுங்க மேடம். பதினாலு பேரு, ஒரு ஆள்."

"அடிச்சுட்டு ஒழுங்கா எழுதும்மா. நாளைக்கு ஆடிட் வருது, சார்ட்டெல்லாம் பாப்பாங்க."

பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினேன். "என்ன எழுதோணும்னு எனக்குத் தெரியலைங்க மேடம். இவருக்கு எவ்வளவு இருக்குன்னு நீங்களே எழுதிப்போடுங்க. கையெழுத்தும் நீங்களே போட்டுருங்க."

கட்டிலில் படுத்திருந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். செவ்வந்தி மேடம் பேனாவைப் பார்த்தார். கை அதை நோக்கிக் கொஞ்சம் வந்தது. அப்புறம் நின்றது. பேனாவை அவர் வாங்கவில்லை. கக்கத்தில் இருந்த ஃபைலை மேஜையில் வைத்தார். என் பக்கத்தில் இருந்த மெஷினைத் தன் பக்கம் இழுத்து, கையில் கட்டும் பட்டையை எடுத்துப் பிரித்தார்.

தலைகீழாகச் சுற்றினார். அதைத் தொட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ. இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டு என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, பட்டையை அவிழ்த்து நேராகச் சுற்றிக் கொடுத்தேன். எண் வந்ததும், "நூத்தி அம்பத்தெட்டு, தொண்ணூத்தாறு" என்று மெதுவாகப் படித்தார்.

நூற்றிருபதும் இல்லை, எண்பதும் இல்லை. பத்தாவது கட்டிலின் 'பார்க்கவில்லை'யை அடித்துவிட்டு, நேரம் இரண்டு இருபத்தைந்து என்று போட்டு அந்த எண்ணை எழுதி, டாக்டருக்குப் போன் செய்தேன். இன்னும் நாலு பாக்கி இருந்தது. மெஷினை மேடம்தான் தள்ளிக்கொண்டு போனார்.